சித்தாள் கூலியும் அடுப்படி நேரமும்: கணக்குப் போட்டுக் கேட்பது எப்படி?

மதுரையில் எந்தக் கட்டட வேலையிலும் தளம் போடும் நாளைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். கலவை மிஷினிலிருந்து மாடி வரை ஆள் வரிசை. சட்டி கைமாறிக் கைமாறி மேலே போகும். வரிசையில் ஆணும் பெண்ணும் கலந்துதான் நிற்பார்கள். ஒருவர் கையிலிருந்த சட்டிதான் அடுத்தவர் கைக்கு வருகிறது, எடையும் அதேதான், வேகமும் அதேதான். பட்டுவாடாவில் மட்டும் நிமிந்தாளுக்கு (ஆண் உதவியாள்) ஒரு கூலி, சித்தாளுக்கு (பெண் உதவியாள்) வேறு கூலி.

"எங்களுக்கும் கூட்டிக் குடுங்க" என்று பொதுவாகக் கேட்டால் "ஊர் ரேட்டே இதான்மா" என்று பேச்சு முடிந்துவிடும். எந்த வேலை, எத்தனை மணி நேரம், யார் யார் செய்தது, யாருக்கு எவ்வளவு என்று எழுதி வைத்துக் கேட்டால், பதில் சொல்ல வேண்டியவர் மேஸ்திரி ஆகிவிடுகிறார். கீழே இருப்பதெல்லாம் அந்தக் கணக்கை எப்படிப் போடுவது, போட்ட பிறகு என்ன செய்வது என்பதுதான். வீட்டு வேலைக்கும் இதே முறை செல்லும். கடைசியில் அதற்கும் வருவோம்.

முதலில் நோட்டு

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ஒவ்வொரு நாளும் எழுத வேண்டியவை: தேதி, வேலை நடக்கும் இடம், வேலைக்கு வரச் சொன்னவர் பெயர், ஆரம்பித்த நேரம், விட்ட நேரம், என்னென்ன வேலை, அதே வேலையைக் கூட நின்று செய்த ஆண் யார், கைக்கு வந்த பணம். இது போக இன்னொரு கட்டம் கட்டாயம் வேண்டும்: டீக்காசு, பஸ் காசு, பேட்டா, சாப்பாடு. கூலியைச் சமமாகக் காட்டிவிட்டு ஆண்களுக்குப் பேட்டாவில் ஈடுகட்டுவது பழைய பழக்கம். இந்தக் கட்டம் இல்லாவிட்டால் அது கண்ணில் படாது.

குறைந்தது இரண்டு வாரம் எழுதுங்கள். ஒரே வாரக் கணக்கில் மழை நாள், அமாவாசை லீவு, சிமெண்ட் வராத நாள் என்று ஏதாவது ஒன்று புகுந்து கணக்கைக் கோணலாக்கிவிடும். அன்றன்றைக்கு எழுதுவது முக்கியம். பதினைந்து நாளையும் ஒரே உட்காரலில், ஒரே பேனாவில் எழுதிய நோட்டைப் பார்த்தவுடனே எந்த அதிகாரிக்கும் தெரிந்துவிடும்.

நோட்டுக்குத் துணையாக வேறு சிலவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். "நாளைக்கு ஏழு பேரு வாங்க" என்று மேஸ்திரி அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவை அழிக்காதீர்கள். ஜிபே-யில் வந்த கூலியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். மில், கடை, அலுவலகம் என்றால் சம்பளச் சீட்டு. அதைக் கொடுப்பது முதலாளியின் கடமை. கையெழுத்துப் போடச் சொல்லும் வவுச்சரில் தொகை எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். வெற்று வவுச்சரில் போட்ட கையெழுத்து பின்னால் உங்களுக்கு எதிராகத்தான் பேசும்.

ஒரே மாதிரி வேலை என்றால் எது?

சம கூலிக்கான சட்டம் 1976-லேயே வந்தது. இப்போது அதன் இடத்தில் இருப்பது 2019-ல் இயற்றி 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத்தொகுப்பு. அதன் 3-வது பிரிவு சொல்வது: ஒரே முதலாளியிடம் ஒரே வேலை அல்லது அதைப் போன்ற வேலை செய்பவர்களுக்குள் ஆண், பெண் என்று பார்த்துக் கூலியில் வித்தியாசம் காட்டக் கூடாது. வேலைக்கு எடுப்பதிலும் கூடாது. "போன்ற வேலை" எது என்பதற்கு நான்கு அளவுகோல்: திறமை, உழைப்பு, அனுபவம், பொறுப்பு. இவற்றில் சின்னச் சின்ன வேறுபாடு இருந்தாலும், நடைமுறையில் அது பெரிதாக ஒன்றும் இல்லை என்றால் இரண்டும் ஒரே வேலைதான்.

அந்தக் கடைசி வரியைப் பிடித்துக்கொள்ளுங்கள். "நிமிந்தாள் சிமெண்ட் மூட்டை தூக்குறான், நீ தூக்குறியா?" என்ற கேள்வி எப்படியும் வரும். மூட்டை 50 கிலோ, கனம்தான். ஆனால் ஒரு நாளில் எத்தனை மூட்டை, எவ்வளவு நேரம்? எண்ணி எழுதுங்கள். கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம்: எட்டு மணி நேர வேலையில் மூட்டை இறக்கியது நாற்பது நிமிடம், சாரம் கட்டியது இருபது நிமிடம். மீதி ஏழு மணி நேரமும் கலவை போடுவது, சட்டி தூக்குவது, செங்கல் ஏற்றுவது, தண்ணீர் விடுவது. அந்த ஏழு மணி நேரத்தில் இருவரும் செய்தது ஒன்றே. நிமிந்தாளுக்கு 900, சித்தாளுக்கு 600 என்றால், ஒரு மணி நேரப் பாரத்துக்காக முழு நாளுக்கும் 300 ரூபாய் பிடித்தம். மாதம் 22 நாள் வேலை கிடைத்தால் 6,600. வருஷத்துக்கு 79,200.

இதற்கு நியாயமான தீர்வு, மூட்டை இறக்கும் வேலைக்கு மூட்டைக்கு இவ்வளவு என்று தனி ரேட் போட்டுவிட்டு நாள் கூலியை ஒன்றாக்குவது. மூட்டை தூக்கும் ஆணுக்கும் இதில் நஷ்டம் இல்லை. சொல்லப்போனால், இதுவரை கணக்கில்லாமல் தூக்கிய மூட்டைக்கு அவருக்கும் கணக்கு கிடைக்கிறது.

இன்னொரு சாக்கு: "கம்பெனிக்குக் கட்டுப்படியாகாது." 1987-ல் மெக்கின்னன் மெக்கன்சி வழக்கில், பெண் ஸ்டெனோகிராபர்களுக்குக் குறைந்த சம்பளம் கொடுத்த நிறுவனத்தின் வாதத்தை உச்ச நீதிமன்றம் தள்ளியது. சம ஊதியம் கொடுக்க முதலாளியிடம் காசு இருக்கிறதா என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை.

கூட வேலை செய்யும் ஆண்கள் பயப்படுவது ஒன்றுக்குத்தான்: "எங்க கூலியைக் குறைச்சுச் சமம் ஆக்கிருவாங்களோ?" முடியாது. சமப்படுத்துவதற்காக யாருடைய கூலியையும் குறைக்கக் கூடாது என்று அதே 3-வது பிரிவு தடுக்கிறது. இதை அவர்களிடம் முதலிலேயே சொல்லிவிட்டால் பாதி எதிர்ப்பு கரைந்துவிடும். நாளைக்குச் சாட்சி சொல்ல வேண்டியவர்களும் அவர்கள்தான்.

பூவும் முடிச்சும்: எண்ணிக்கைக் கூலி

எண்ணிக்கைக்குக் கூலி வாங்கும் வேலைகளில் வித்தியாசம் இன்னும் நன்றாக ஒளிந்துகொள்ளும். சுங்குடிச் சேலையைப் பாருங்கள். முடிச்சுக் கட்டுவது பெரும்பாலும் வீட்டிலிருக்கும் பெண்கள், சேலைக்கு இவ்வளவு என்று கூலி. சாயம் போடுவது பெரும்பாலும் ஆண்கள், பட்டறையில் நாள் கூலி. இரண்டும் வெவ்வேறு வேலை என்பதால் "சம வேலை" வாதம் இங்கே அவ்வளவாக எடுபடாது. இங்கே பிடிக்க வேண்டியது குறைந்தபட்சக் கூலியை. எண்ணிக்கைக் கூலியாகக் கொடுத்தாலும், அந்த நேரத்துக்கு உரிய குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக் கூடாது என்பது சட்டம்.

அதற்கு நேரத்தை அளக்க வேண்டும். போனில் பதினைந்து நிமிடம் அலாரம் வைத்து முடிச்சை எண்ணுங்கள். காலையில் ஒரு தடவை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தடவை, ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் ஒரு தடவை. காலையில் மட்டும் அளந்தால் கை வேகம் கூடுதலாகத் தெரியும், கூலியும் தாராளமாகத் தெரியும். மாதிரிக் கணக்கு ஒன்று: மூன்று அளவையும் சேர்த்துச் சராசரி ஐம்பது முடிச்சு வந்தால் மணிக்கு 200. சேலைக்கு 5,000 முடிச்சு என்றால் 25 மணி நேரம். துணி வாங்கி வர, கொடுத்துவிட்டு வர, நூல் சுற்ற இரண்டு மணி நேரம் சேர்த்தால் 27. சேலைக்கு 540 ரூபாய் என்றால் மணிக்கு 20. எட்டு மணி நேர நாளுக்கு 160. இந்தத் தொகையை அரசு அறிவித்த குறைந்தபட்சக் கூலியோடு வைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் அது அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்தது. பஞ்சப்படி ஒவ்வொரு ஏப்ரலிலும் மாறும் என்பதால் போன வருஷத் தாளை வைத்துப் பேசாதீர்கள். மாதத் தொகை கொடுத்திருந்தால் 26-ஆல் வகுத்தால் நாள் கூலி.

வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கு வரும் பெரிய சிக்கல், முதலாளி யாரென்றே தெரியாமல் போவது. துணி கொண்டுவருபவர் இடையாள், அவருக்கு மேல் இன்னொருவர், அதற்கும் மேலே கடை. பிரச்சினை என்று வந்தால் மூன்று பேரும் "எங்க ஆளு இல்லை" என்பார்கள். அதனால் ஒவ்வொரு தடவையும் துணி வாங்கும்போது பெயர், தேதி, எண்ணிக்கை, பேசிய கூலி எழுதிய ஒரு துண்டுச் சீட்டு வாங்குங்கள். தர மறுத்தால், நீங்களே எழுதி அவர் போனுக்கு அனுப்பிவிடுங்கள்: "இன்னைக்கு நாலு சேலை, ஒண்ணுக்கு இவ்வளவு, வாங்கிக்கிட்டேன்." அவர் ஒரு கும்பிடு படம் போட்டுப் பதில் அனுப்பினாலும் அது ஆதாரம்தான்.

மல்லிகைக்கு வேறு கணக்கு. பூ எடுப்பது கிலோ கூலி. சித்திரை, வைகாசியில் செடி கொள்ளாமல் அரும்பு நிற்கும்போது ஐந்து மணி நேரத்தில் நாலு கிலோ எடுக்கும் கை, மார்கழிப் பனியில் ஒரு கிலோவுக்கே தடுமாறும். அதே மார்கழி, தையில்தான் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் விலை எகிறும். கிலோ கூலியை வருஷம் முழுக்க ஒன்றாக வைத்தால், தோட்டக்காரருக்கு விலை ஏறும் மாதத்தில் எடுப்பவருக்கு வருமானம் விழுகிறது. எனவே இரண்டு பருவத்துக்கு இரண்டு ஒப்பந்தம் பேசுங்கள்: பூ அதிகமுள்ள மாதங்களில் கிலோ கூலி, பனி மாதங்களில் மணிக்கணக்கு. தோட்டத்துக்கு வந்து சேரும் நேரத்திலிருந்து எண்ண வேண்டும், முதல் அரும்பு பறித்த நேரத்திலிருந்து அல்ல. இதே தோட்டத்தில் மருந்து அடிக்கவும் பாத்தி வெட்டவும் வரும் ஆண்களுக்கு நாள் கூலி, அதுவும் மத்தியானத்தோடு முடியும் நாள். பெண்களுக்கு அப்படி ஒரு ஒப்பந்தம் எட்டாத ஒன்றல்ல.

கேட்கும் விதம்

தனியாகக் கேட்காதீர்கள். தனியாகக் கேட்டவருக்கு மறுநாள் வேலை இருக்காது. குறைந்தது மூன்று பேர், முடிந்தால் வழக்கமாகச் சேர்ந்து போகும் கொத்து முழுவதும். மதுரைப் பக்கத்து விவசாய வேலையில் இது புதிதும் இல்லை. பில்லுச்சேரி சின்னப்பிள்ளை, பின்னாளில் களஞ்சியம் மகளிர் குழுக்களின் முகமாகி 2019-ல் பத்மஸ்ரீ வாங்கியவர், தொடக்கத்தில் ஒரு கொத்துத் தலைவிதான். கூலியாட்களைச் சேர்த்துக்கொண்டு நிலக்காரரிடம் கூலி பேசி முடிப்பது அவர் வேலை. நடவுக்கும் களைக்கும் கொத்தாகப் பேசும் பழக்கம் இருக்கும் ஊரில், கட்டட வேலைக்கும் பூவுக்கும் அதையே பேசலாம்.

நேரம் பார்த்துக் கேளுங்கள். தளம் போட நாள் குறித்த பிறகு, நடவுக்கு நாற்று முற்றிய பிறகு, தீபாவளிக்கு முந்தைய மாதம் துணிக்கடைக்கு ஆள் தேடும்போது கேட்டால் பேச்சு நீளாது. சனிக்கிழமைப் பட்டுவாடா நேரத்தில் மட்டும் வேண்டாம். அப்போது மேஸ்திரி கையில் காசு எண்ணிக்கொண்டு கடுகடுவென்று இருப்பார், சுற்றிலும் பத்துப் பேர் வேறு. திங்கள் காலை, வேலை தொடங்குவதற்கு முன்னால் பேசுவது நல்லது. பேச்சு இப்படி இருக்கலாம்:

"அண்ணே, ரெண்டு வாரமா நோட்டுல எழுதி வச்சுருக்கோம். கலவைச் சட்டி நாங்க அஞ்சு பேரும் நிமிந்தாளுக மூணு பேரும் ஒண்ணாத்தேன் தூக்குறோம். மூட்டை எறக்குறது அவுக, அதுக்குத் தனியாக் குடுங்க, வேணாங்கல. மத்த நேரத்துக்கு எல்லாருக்கும் ஒரே கூலி போடுங்கண்ணே."

அழுகை, குடும்பக் கஷ்டம், பிள்ளைக்கு ஃபீஸ் எதுவும் இதில் வேண்டாம். கஷ்டத்தைச் சொன்னால் அவர் இரக்கப்பட்டு ஐம்பது ரூபாய் கொடுப்பார், அடுத்த வாரம் நிறுத்திவிடுவார். ஒரே அடியாக முழு வித்தியாசத்தையும் கொடுக்க முடியாது என்றால், தீபாவளிக்கு முன் பாதி, தைக்குள் மீதி என்று தேதி போட்டு எழுதி வாங்குங்கள். தேதி இல்லாத சம்மதத்தை நம்பி வேலையை முடித்துக் கொடுக்க வேண்டாம்.

கூலியோடு இன்னொன்றையும் கேளுங்கள்: கொத்துக் கரண்டி. நிமிந்தாளாக வந்த பையன் நாலைந்து வருஷத்தில் கொத்தனார் ஆகிறான். சித்தாளாக வந்த பெண் இருபது வருஷம் கழித்தும் சித்தாள்தான். வாழ்நாள் கணக்கில் பார்த்தால் நாள் கூலி வித்தியாசத்தைவிட இந்த இழப்புதான் பெரிது. தினம் வேலை முடியும் முன் அரை மணி நேரம் சுவரில் கல் வைக்க, பூசிய இடத்தைத் தேய்த்து மட்டம் பார்க்க விடச் சொல்லுங்கள். பார்வைக்கு வராத இடங்களில், செப்டிக் டேங்க் உள்சுவர், அடித்தளச் சுவர் மாதிரி, பழகினால் மேஸ்திரிக்கும் பயம் இல்லை. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் 18 முதல் 60 வயது வரை பதிவு செய்யலாம். கார்டு இருந்தால் மற்ற உதவிகளோடு, இத்தனை வருஷம் இந்தத் தொழிலில் இருக்கிறார் என்பதற்கும் அதுவே அத்தாட்சி.

ஒத்துவரவில்லை என்றால்

மனு தொழிலாளர் துறைக்கு. நேரே அங்கே போகத் தயங்குபவர்கள் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுக்கலாம், சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பிவைப்பார்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள். கேட்க வேண்டிய தொகை பாக்கி விழுந்த நாளிலிருந்து மூன்று வருஷத்துக்குள் கேட்கலாம். தொழிலாளியே கேட்கலாம், சங்கம் கேட்கலாம், ஆய்வாளரும் கேட்கலாம். தொகை உறுதியானால் அதோடு அதன் பத்து மடங்கு வரை இழப்பீடு போடவும் அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. கூலியைக் குறைவாகக் கொடுத்ததாகக் கேட்பு வந்தால், சரியாகக் கொடுத்தேன் என்று நிரூபிக்க வேண்டியது முதலாளி.

மனு தோற்பதற்கு வழக்கமான காரணம் அதில் விவரம் இல்லாததுதான். "சம்பளம் குறைவாகத் தருகிறார்கள், நடவடிக்கை எடுக்கவும்" என்று எழுதினால் ஆய்வாளர் எங்கே போவார்? வேலை நடக்கும் இடத்தின் கதவு எண், தெரு, காண்ட்ராக்டர் பெயர், கட்டட உரிமையாளர் பெயர் இரண்டும், வேலை செய்த தேதிகள், செய்த வேலைகள், அதே வேலை செய்த ஆணுக்கு என்ன கூலி, உங்களுக்கு என்ன கூலி, மொத்த வித்தியாசம் எத்தனை ரூபாய். தொகையைப் போடாத மனு பாதி மனு. நோட்டின் நகலைத்தான் இணைக்க வேண்டும், மூலத்தை யாரிடமும் கொடுக்க வேண்டாம்.

இடையில் சமரசம் என்று வந்து ஒரு தாளை நீட்டுவார்கள். "என் கணக்கு முழுவதும் பெற்றுக்கொண்டேன்" என்ற வரி இருந்தால், உண்மையிலேயே முழுவதும் கைக்கு வந்த பிறகு மட்டும் கையெழுத்து. வக்கீல் செலவை நினைத்து ஒதுங்க வேண்டியதில்லை. பெண்களுக்கு வருமான வரம்பு எதுவும் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம், 15100-க்கு போன் செய்தும் கேட்கலாம்.

பிள்ளைப்பேறும் மற்றவையும்

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், பிரசவத் தேதிக்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. அதில் அதிகபட்சம் 8 வாரம் பிரசவத்துக்கு முன்பு எடுக்கலாம். ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் இருந்தால் 12 வாரம். மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்கள் இ.எஸ்.ஐ.யில் (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருந்தால் பணம் அங்கிருந்து வரும். சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்களே, அது இதற்கும்தான். சறுக்கும் இடம் எது தெரியுமா? "நீயே எழுதிக் குடுத்துட்டுப் போம்மா, பிள்ளை வளர்ந்ததும் வா" என்று அன்பாகச் சொல்லி ராஜினாமா வாங்குவது. அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால் 26 வாரச் சம்பளமும், அதுவரை சேர்ந்த பணி மூப்பும் போய்விடும். கொடுக்க வேண்டியது விடுப்புக் கடிதம், டாக்டர் சான்றோடு. விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்குவது சட்டவிரோதம். ஐம்பது பேரோ அதற்கு மேலோ இருந்தால் குழந்தைகள் காப்பகம் வேண்டும். தாய் ஒரு நாளில் நாலு முறை அங்கே போய்வரலாம்.

மாசி வீதிகளிலும் விளக்குத்தூண் பக்கமும் ஜவுளிக்கடையில் நிற்கும் பெண்களுக்கு ஒன்று: உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாடு கடைகள் சட்டத்தில் 2021-ல் திருத்தம் வந்துவிட்டது. ஸ்டூல் போட்டிருக்கிறார்கள், ஆனால் உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முறைக்கிறார் என்றால், அது இருக்கை இல்லாததற்குச் சமம். பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் பாலியல் தொல்லைப் புகாருக்கு உள்புகார்க் குழு வேண்டும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். குழுவே இல்லாத சின்ன இடமென்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம். பக்கத்துத் திண்டுக்கல்லில் 2022-ல் ஆயத்த ஆடைப் பெண் தொழிலாளர்கள் சங்கம் மூலமாகவே இதற்கு ஓர் ஒப்பந்தம் வாங்கினார்கள். குழு தூங்கினால் சங்கம் எழுப்பும்.

கடை, பட்டறை வைத்திருப்பவர்களுக்கு

கப்பலூர்த் தொழிற்பேட்டையில் பதினைந்து பேரை வைத்து யூனிட் நடத்துபவர் தன் கணக்கைத் தானே சரிபார்க்க ஒரு சாயங்காலம் போதும். சம்பளப் பட்டியலை எடுத்துப் பெயரை மறைத்துவிட்டு, செய்யும் வேலை, சேர்ந்த வருஷம், அடிப்படைச் சம்பளம், படிகள், ஓவர்டைம், போன தீபாவளி போனஸ் என்று வேலைவாரியாக அடுக்குங்கள். ஒரே வேலைக்குள் இரண்டு தொகை வந்தால், காரணம் என்ன என்று பக்கத்தில் ஒரு வரி எழுதப் பாருங்கள். எழுத வந்தால் சரி. "அவன் குடும்பஸ்தன்" என்று எழுத வந்தால் சரியில்லை. அந்தப் பெண்ணுக்கும் குடும்பம் இருக்கிறது.

அதிகம் தவறுவது இரண்டு இடங்களில். ஒன்று ஓவர்டைம்: ஆண்களுக்கு இரட்டைச் சம்பளமாகவும், பெண்களுக்கு "கொஞ்சம் இருந்து முடிச்சுட்டுப் போம்மா" என்று சும்மாவும் போவது. மற்றது பிரசவ விடுப்பிலிருந்து திரும்பியவருக்குச் சேர்ந்த தேதியைப் புதிதாகப் போடுவது. இரண்டாவதால் அடுத்தடுத்த உயர்வு எல்லாமே ஒரு படி கீழே நிற்கும். போனஸ் சம்பளத்தின் சதவீதமாக வருவதால் அடிப்படையில் இருக்கும் ஓட்டை அங்கேயும் ஒழுகும். திருத்தும்போது குறைந்ததைத்தான் உயர்த்த வேண்டும்.

வீடு

மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார், வீட்டு வேலை செய்யும் ஆண் 88 நிமிடம். பிள்ளை, முதியோர் கவனிப்பு தனி. கலைஞர் மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாயை, தினம் 289 நிமிடம் என்ற அந்த மாத நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு ஏழு ரூபாய்கூட வராது. தொகை கொடுப்பது நல்லதுதான், ஆனால் அதனால் அடுப்படி நேரம் ஒரு நிமிடமும் குறைவதில்லை. குறைய வேண்டுமானால் வேலை கைமாற வேண்டும்.

மறுபடி நோட்டு. ஏழு நாள், வீட்டில் உள்ள எல்லோருடைய வேலையும். கண்ணுக்குத் தெரியும் வேலையோடு நினைப்பு வேலையையும் எழுதுங்கள்: கார்ப்பரேஷன் தண்ணீர் இன்றைக்கா நாளைக்கா, கேஸ் புக் பண்ண வேண்டுமா, ரேஷனில் பாமாயில் வந்துவிட்டதா, மாமியாருக்குச் சுகர் மாத்திரை எத்தனை நாளைக்கு இருக்கிறது. நோட்டைப் பார்த்த பிறகு "நானும் ஹெல்ப் பண்றேன்" என்ற பேச்சு வரும். அதை ஏற்காதீர்கள். உதவி என்றால் பொறுப்பு பழைய ஆளிடமே இருக்கும். ஒரு வேலையை ஆரம்பம் முதல் கடைசி வரை முழுதாகக் கொடுக்க வேண்டும்.

இட்லி மாவை எடுத்துக்கொள்வோம். "கிரைண்டரைப் போட்டு விட்டேன்" என்பது மாவு வேலை ஆகாது. முழு வேலை இது: அரிசி, உளுந்து இருக்கிறதா என்று முதல் நாளே பார்ப்பது. நாலு டம்ளர் இட்லி அரிசி, ஒரு டம்ளர் உளுந்து, ஒரு டீஸ்பூன் வெந்தயம் கழுவி நாலு மணி நேரம் ஊறவைப்பது. உளுந்தை முதலில் போட்டுத் தண்ணீர் தெளித்துத் தெளித்து இருபத்தைந்து நிமிடம், பிறகு அரிசி இருபது நிமிடம். உப்புப் போட்டுக் கையால் கலந்து, பொங்க இடம் விட்டுப் பாதிப் பாத்திரத்துக்கு மேல் போகாமல் வைப்பது. குழவியைக் கழற்றி இடுக்கில் காய்ந்த மாவைத் தேய்த்துக் கழுவுவது. சிந்தியதைத் துடைப்பது. காலையில் பொங்கியதும் ஃபிரிட்ஜில் எடுத்து வைப்பது. வாரம் இரண்டு தடவை இதைக் கணவரோ மகனோ எடுத்துக்கொண்டால் யாரும் ஞாபகப்படுத்தக் கூடாது. மறந்தால் அன்றைக்கு வீட்டில் கோதுமை உப்புமா.

இங்கே பெண்கள் பக்கத்தில் நடப்பதும் உண்டு. ஆண் ஆட்டிய மாவு கெட்டியாகிவிட்டது, அவன் மடித்த துணி கோணல் என்று திரும்பச் செய்வது. அப்படிச் செய்தால் இரண்டே வாரத்தில் வேலை திரும்பி வந்துவிடும். எந்த அளவுக்கு இருந்தால் போதும் என்பதை முதலிலேயே பேசிவிட்டு, ஒரு மாதம் கையை வைக்காமல் இருக்க வேண்டும். அந்த மாதத்தில் "என் மகனை மாவாட்ட வச்சுட்டா" என்ற பேச்சு எழத்தான் செய்யும். அதற்குப் பதில் சொல்ல வேண்டியது மருமகள் அல்ல, மகன்: "அம்மா, நாந்தேன் கேட்டு வாங்குனேன்." மகன், மகள் இருவருக்கும் வயதுக்கேற்ற வேலை ஒன்றே. பாத்திரம் கழுவுவது அவளுக்கு, கடைக்குப் போவது அவனுக்கு என்று பிரித்தால் நேரக் கணக்கில் அவளுக்குத்தான் அதிகம் வரும். வாரம் மாற்றி மாற்றிச் செய்யட்டும்.

வயதான அப்பா, அம்மா கவனிப்பில் கூடப்பிறந்தவர்களுக்குள் கணக்கு வேண்டும். அம்மா பெரியாஸ்பத்திரியில் பத்து நாள் படுத்தால், பக்கத்தூரில் வாக்கப்பட்ட மகள் பத்து ராத்திரியும் வார்டில் இருப்பாள். அண்ணன், தம்பி ஞாயிற்றுக்கிழமை ஆப்பிளோடு வருவார்கள். அட்மிஷன் போட்ட அன்றே ராத்திரி முறையைத் தாளில் எழுதி குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள். பெண்கள் வார்டில் ராத்திரி ஆண்களை விடமாட்டார்கள் என்றால் பகல் முறை அவர்களுக்கு. முறைக்கு வர முடியாதவர், அவருக்குப் பதில் இருந்தவரின் ஒரு நாள் கூலியைக் கொடுக்கட்டும். கேட்கக் கூச்சமாக இருக்கும்தான். ஆனால் வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்த பத்து நாளுக்கு அந்த மகளுக்கும் சம்பளம் பிடித்திருப்பார்கள்.

கடைசியாகப் பணம் போகும் பாதை. கூலி வரும் வங்கிக் கணக்கு உங்கள் பெயரில் இருந்தால் மட்டும் போதாது. அதில் இணைத்த போன் நம்பரும் உங்களுடையதாக இருக்க வேண்டும். நம்பர் கணவருடையது என்றால் ஓடிபி அவருக்குத்தான் போகும், ஜிபே-யும் அவர் போனில்தான் இருக்கும். பாஸ்புக், ஆதார், போன் எடுத்துக்கொண்டு கிளைக்கு நேரில் போனால் நம்பரை மாற்றித் தருவார்கள். சுயஉதவிக் குழுக் கடனை வாங்கிக் கணவரின் வண்டிக்கோ மச்சானின் கடைக்கோ கொடுத்திருந்தால், குழுவுக்குத் தவணை கட்ட வேண்டியவர் நீங்கள்தான். ஆகவே கொடுத்த அன்றே எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்று அதே நோட்டில் எழுதி, வாங்கியவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.